நேர்க்கம்பிச் சக்கரம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வரலாற்றுக்குத் தெரியாது. முடித்து வைத்தவர் யார் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். மனித இனம் பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டி உருட்டிப் பார்த்துப் பாதியில் விட்டிருந்த அந்த வேலை, போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் சாப்பாட்டு மேசைமீது, உப்பு ஜாடிக்கும் தண்ணீர் ஜக்குக்கும் நடுவில், என் அத்தான் கையால் நிறைவு பெற்றது.

"இனிமே சக்கரத்துல செய்யறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல மாப்ள," என்றார் அத்தான், கடைசி ஸ்போக் கம்பியின் நிப்பிள் திருகை இறுக்கி முடித்த கையோடு. "அடுத்து வர்றவங்க நெருப்பைத்தான் பார்த்துக்கணும்."

அத்தான் லிஃப்ட் ஆய்வாளர். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கையெழுத்தை நம்பித்தான் ஜனங்கள் மேலே போகிறார்கள். கீழே வருவதும் அதே நம்பிக்கையில்தான். அவர் மட்டும் படியில் போவார். கேட்டால் மூட்டுக்கு நல்லது என்பார். எந்த இயந்திரத்தில் என்ன சத்தம் வந்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது அவர் தொழில் ரகசியம். பெயர் வைத்ததும் கேட்டவருக்குப் பாதிப் பயம் போய்விடும். மீதியைப் படி பார்த்துக்கொள்ளும்.

அக்கா கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். விடிவதற்கு முன்னாலும் விடுமுறை நாட்களிலும் சைக்கிள் பந்தயக்காரி. ஏற்றத்தில் அவளை நாலு பேர் முந்துவார்கள். இறக்கத்தில் அந்த நாலு பேரால் அவள் முதுகைக்கூடப் பார்க்க முடியாது. பிரேக் என்பது அவளைப் பொறுத்தவரை வண்டியோடு இலவசமாகக் கொடுக்கிற பொருள். இந்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் தேர்வுப் பந்தயம். அதில் முன்னால் வந்தால் அணியில் இடம். அந்தச் சாலைக்கு ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

பந்தயத்துக்குப் புதுச் சக்கரம் வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. அத்தான்தான் கொடுத்தார். கல்யாண நாளுக்கு வேறு கணவர்கள் புடவை, நகை என்று வாங்கித் தருவார்கள். அதெல்லாம் சக்கரமாகாது என்பது அவர் வாதம். அதை யாரும் மறுக்க முடியவில்லை.

பின் சக்கரத்தில் சண்டை இல்லை. மிதிக்கிற விசையெல்லாம் அங்கேதான் போகிறது. ஸ்போக் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகிற பின்னல்தான் அதற்குச் சரி என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கே பயமாக இருந்தது, இவர்கள் ஒத்துப்போவது அவ்வளவு அபூர்வம். சண்டை முன் சக்கரத்தில் வந்தது.

"முன்னாலயும் குறுக்குப் பின்னலே போடுங்க," என்றாள் அக்கா.

"அது பால் கேன் கட்டிட்டுப் போற வண்டிக்கு. உனக்கு நேர்க்கம்பி. நடுவுல இருந்து ரிம்முக்கு ஒரே கோடு. சூரியனைப் பாரு, கதிர் எங்கயாவது குறுக்க போகுதா?"

"சூரியன் வளைவுல திரும்பறதில்லையே."

"கம்பி நீளம் குறையும், எடை குறையும், காத்து குறைவா இடிக்கும். பார்க்கறதுக்கும் அழகா இருக்கும்."

"கடைசியா சொன்னதுதானே காரணம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சூரியனைப் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பார்த்தேன்.

நேர்க்கம்பியில் தப்பு ஒன்றும் இல்லை. பந்தய வண்டிகள் பலவற்றில் முன் சக்கரம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஹப் ஒத்துழைக்க வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்கு இரண்டு பக்கமும் தட்டுப்போல ஒரு விளிம்பு. அந்த விளிம்பில் ஓட்டைகள். ஓட்டைகளில் கம்பிகளின் தலை. குறுக்குப் பின்னலில் கம்பி சாய்ந்து கிளம்புவதால் இழுப்பு விளிம்போடு ஒட்டிப் போகும். நேர்க்கம்பியோ ஓட்டையை வெளியே பார்த்து இழுக்கும், அங்கே இருப்பது நகத்தளவு உலோகம். அதைத் தாங்கவென்றே செய்த ஹப் வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தான்தான். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஏற்கெனவே ஒரு பின்னலில் ஓடின ஹப்பை வேறு பின்னலுக்கு மாற்றக் கூடாது. பழைய கம்பி பதிந்த இடத்தில் விளிம்பில் சின்னப் பள்ளம் இருக்கும். புதுக்கம்பி வேறு பக்கம் இழுத்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடிக்காரர் தன் சைக்கிளின் பழைய ஹப்பில் அப்படி ஏதோ செய்தபோது அத்தான் அவரை நிறுத்திவைத்து இதை விளக்கினார். அவர் லிஃப்ட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார், பாவம். லிஃப்ட் வந்தது, போனது, திரும்ப வந்தது. அத்தான் முடிக்கவில்லை.

புது ஹப்புகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று குண்டு, ஒன்று விளம்பரம் மாதிரி எழுத்து, ஒன்று சுற்றும்போது தேனீ வளர்க்கிற சத்தம். கடைசியில் விளம்பரம் பார்த்து ஒரு வீட்டுக்குப் போனோம். பழைய பந்தய ஹப், இப்போது யாரும் செய்வதில்லை. கதவைத் திறந்த அம்மாள் அதை ஒரு சமையல் துணியில் சுற்றி வைத்திருந்தார். வெள்ளி நிறம், இடுப்பு ஒடுங்கி, விளிம்பு பூவிதழ் மாதிரி மெலிந்து. அத்தான் அதன் அச்சை இரண்டு விரலில் பிடித்துச் சுழற்றினார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற எண்ணமே அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"என் தம்பியோடது," என்றார் அந்த அம்மாள். "குறுக்குப் பின்னலுக்கு மட்டும்தான் போடணும்னு சொல்லிட்டே இருப்பான்."

"இப்ப அவர் ஓட்டறதில்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல."

உள் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. யாரோ நகர்கிற சத்தம் கேட்டது. காலடி அல்ல, தரையில் ஏதோ உருளுகிற சத்தம். அந்த அம்மாள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அத்தான் ஹப்பைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "வயசாயிருக்கும்," என்றார்.

"தம்பின்னாங்களே அத்தான். அந்தம்மாவுக்கே உங்க வயசுதான் இருக்கும்."

"சிலருக்குச் சீக்கிரம் ஆகும்," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு சின்னத் தழும்பு சாய்வாகக் கிளம்பியிருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தத் தம்பியின் கம்பிகள் வருஷக்கணக்கில் அங்கே சாய்ந்து படுத்திருந்த இடம்.

அத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மெல்லிய உப்புத்தாளும் பாலிஷ் பசையும் கொண்டுவந்தார்.

"அத்தான், என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன்."

"அது அழுக்கு இல்லையே. நீங்கதானே மூணாவது மாடிக்காரர்கிட்ட..."

"அது மூணாவது மாடிக்கு," என்றார் தலை நிமிராமல். "கேளு மாப்ள. விரிசல் எங்க ஆரம்பிக்கும்? பள்ளத்துல. பள்ளத்தை எடுத்துட்டா? ஆரம்பிக்கறதுக்கு இடமில்ல. பொதுவா சொல்ற விதியெல்லாம் பொதுவானவங்களுக்கு."

தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக வந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மெலிந்திருந்த உலோகம் இன்னும் கொஞ்சம் மெலிந்தது. முடித்து அவர் தூக்கிப் பிடித்தபோது ஹப் கண்ணாடி மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து எத்தனை வருஷம் ஓடியது என்று இனி அதனிடம் கேட்க முடியாது. கை கழுவப் போனார். அக்கா வந்து மேசையைத் துடைத்தாள். துணியைப் பார்த்தாள், விரலில் தொட்டு முகர்ந்தாள், மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சக்கரம் முடிந்தது. அத்தான் கோட்டம் எடுத்தார் என்றால், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்கும்போது சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கம்பிகள் எல்லாம் ஒரே இழுப்பு. கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிங் என்று ஒரு சத்தம்.

யாரும் கையில் கரண்டி வைத்திருக்கவில்லை. மூன்று பேரும் கூடத்தைப் பார்த்தோம். சக்கரம் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை.

"உட்காருது," என்றார் அத்தான்.

"எது?"

"கம்பி. இறுக்கும்போது லேசா முறுக்கிக்கும். அப்புறம் அதுவே முறுக்கை விட்டுட்டு உட்காரும். நல்ல சகுனம்."

வியாழக்கிழமையும் உட்கார்ந்தது. காலையில் நான் பல் தேய்க்கும்போது ஒருமுறை, அக்கா வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தும்போது ஒருமுறை. உட்கார்ந்து உட்கார்ந்து அது எழுந்தே போயிருக்க வேண்டும். இரண்டாவது முறை அத்தான் விளக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி பேசாமல் இருந்தார். ஆய்வாளர்கள் பேசாமல் இருக்கிற நொடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அக்கா சொன்னாள்: "சனிக்கிழமை மலையில ஒத்திகை. எங்க குழுவுல ஒரு வழக்கம் இருக்கு. புதுச் சக்கரத்தைக் கட்டினவர் யாரோ அவர்தான் முதல்ல இறக்கத்துல ஓட்டணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க."

அத்தான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"எதுக்கு? சமைச்சவன் முதல்ல தின்னு, சாகலன்னு காட்டணுமா? இந்த வழக்கத்தை லிஃப்ட்டுக்குக் கொண்டுவந்தா நாட்டுல ஒரு ஆய்வாளன் மிஞ்ச மாட்டான். இது அறிவியல்மா. ஓட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கறவன் கட்டும்போது தூங்கினவன். கணக்குப் போட்டவன் எதுக்கு ஓட்டணும்? பயந்தாங்கொள்ளிங்க கண்டுபிடிச்ச சடங்கு அது. அதோட, சக்கரம் உன் எடைக்குக் கட்டினது. என்னைத் தாங்கணும்னு அதுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல."

"சும்மா சொன்னேன்," என்றாள் அக்கா.

அவள் சும்மா எதையும் சொல்வதில்லை என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அத்தானுக்குக் கல்யாணத்திலிருந்துதான் தெரியும், அதனால் கொஞ்சம் தாமதமாகப் புரியும்.

வெள்ளிக்கிழமை அத்தான் சக்கரத்தை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளிம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஒரு ஓட்டை, அடுத்த ஓட்டை. ஒரு இடத்தில் நகம் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் போய்வந்தது. நான் உள்ளே வந்ததைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏதாவது இருக்கா அத்தான்?"

"தூசு."

சனிக்கிழமை மதியத்துக்கு முன் மலை உச்சியில் இருந்தோம். வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. மேகத்தின் நிழல் சாலைமேல் இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. முதல் வளைவில் திரும்பி, பாறைக்குப் பின்னால் மறைந்தது. அத்தான் காருக்குப் பின்னால் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒரு டயருக்குக் காற்று அடிக்கும்போது ஒரு சொற்பொழிவு உண்டு. அன்று பம்பின் சத்தம் மட்டும் கேட்டது.

நான் அக்காவைத் தனியாகக் கூட்டிப் போனேன்.

"அக்கா, அந்த ஹப்புல பழைய பின்னலோட தழும்பு இருந்துச்சு. உப்புத்தாள் போட்டு..."

"தெரியும்டா."

"எப்படி?"

"நாள் பூரா கண்ணு பார்க்கறவ நான். பழைய பொருள் புதுசா பளபளன்னு இருந்தா, என்ன இருந்துச்சு அங்கன்னுதான் முதல்ல தோணும். மேசை துடைச்ச துணியிலயே பாதி ஹப் இருந்துச்சே."

"அப்ப எதுக்கு இதுல இறங்கப் போற?"

"இறங்கப் போறேன்னு சொன்னேனா? அவர் சொல்லட்டும்."

"என்னன்னு?"

"உள்ளதை. நாலு நாளா வாய்ப்பு குடுத்துட்டேதான் இருக்கேன். சத்தம் வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கறேன். இன்னிக்கு நேராவே கேக்கப் போறேன்."

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்னா?"

அக்கா கையுறையின் பட்டையை இழுத்து ஒட்டினாள். "சொல்லிட்டார்னா இறங்குவேன். நான் கட்டிக்கிட்டது யாரைன்னு கீழ போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்."

"பைத்தியமா உனக்கு?"

"கத்தாத. பயிற்சியாளர் வர்றாங்க."

டயரைக் குத்திவிடலாமா என்று யோசித்தேன். என்னிடம் இருந்தது ஒரு பேனா. அதுவும் பரீட்சைக்கே எழுதாத பேனா.

பயிற்சியாளர் அம்மாள் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். நேர்க்கம்பிச் சக்கரம் வெயிலில் மின்னியது.

"அழகா இருக்கே. யார் கட்டினது?"

"நான்தாங்க," என்றார் அத்தான். பழைய குரலில் பாதி.

"ஓட்டிட்டீங்களா?"

"கணக்குப் போட்டிருக்கேங்க."

"கணக்கு வளைவுல திரும்புமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அக்காவிடம் திரும்பினார். "உன் வண்டி, உன் இஷ்டம். மத்தவங்க எல்லாரும் கீழ போயிட்டாங்க. ரோடு காலியா இருக்கு."

அக்கா தலைக்கவசத்தைக் கையில் எடுத்தாள். போடவில்லை.

"என்னங்க."

"ம்."

"சக்கரம் நல்லா இருக்கா?"

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "ரிம்மைப் பொறுத்தவரைக்கும்..."

"ரிம்மைக் கேக்கல."

"கம்பி எல்லாம் ஒரே இழுப்புதான், நீயே தட்டிப் பார்த்த இல்ல..."

"கம்பியையும் கேக்கல. நல்லா இருக்குன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. எப்பவும்போல பிரேக்கைத் தொடாம இறங்கிடறேன். நீங்க சொன்னா போதும் எனக்கு."

காற்று நின்றிருந்தது. பயிற்சியாளர் விசிலை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் அப்படியே வைத்திருந்தார். அத்தான் வாயைத் திறந்தார். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ பேரை மேலே அனுப்பிய வாய். அந்த ஒரு வார்த்தைக்கு அதில் இடம் தாராளமாக இருந்தது.

டிங்.

வண்டி சுவரில்தான் சாய்ந்திருந்தது. யாரும் அதன் பக்கத்தில் இல்லை.

அத்தான் இந்த முறை பெயர் வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே தலைக்கவசத்தை மெதுவாகத் தூக்கினாள். தலைக்குப் பக்கத்தில் வந்தது. அக்கா என்று கூப்பிட்டேன். வெளியே வந்ததா தெரியாது.

அத்தான் இரண்டு எட்டு வைத்து வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். தன் தலையில் போட்டுக்கொண்டார். தாடைப் பட்டை எட்டவில்லை. தளர்த்தித் தளர்த்திப் பார்த்து, கடைசித் துளையில் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து திருகுசாவியை எடுத்துச் சீட்டின் திருகைத் தளர்த்தி, தன் உயரத்துக்கு ஏற்றி இறுக்கினார். கால்சட்டை நுனியை இரண்டு மடிப்பு மடித்துக் காலுறைக்குள் சொருகினார். இவ்வளவையும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் செய்தார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்றார் சாலையிடம்.

இலை அசையவில்லை.

"விட்டுடுங்க," என்றாள் அக்கா. அவள் குரல் அப்படி நான் கேட்டதே இல்லை. "அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். அவ்வளவுதானே."

அத்தான் தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா, அந்தத் தலைக்கவசத்துக்குள் தெரியவில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். அவர் எடை இறங்கியதும் முன் சக்கரம் மெல்லிசாக முனகியது.

அக்கா ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தாள், ஆனால் திருப்பவில்லை. குனிந்து அந்த ஹப்பைப் பார்த்தாள். பிறகு அவரை.

"முன் பிரேக்கைத் தொடாதீங்க. பின்னாலதை மட்டும். விட்டு விட்டுப் பிடிங்க. எடையைப் பின்னால தள்ளி வச்சுக்குங்க. கேக்குதா?"

"ம்."

கையை எடுத்தாள்.

அவர் போனார். பந்தயக்காரர் மாதிரி அல்ல, கடைத்தெருவில் கூட்டத்துக்கு நடுவே போகிறவர் மாதிரி, முதுகை நிமிர்த்தி, முழங்கையை விறைத்து, பின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து. அது ஒவ்வொரு முறையும் கிறீச்சிட்டது. முதல் வளைவில் சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் போய், திரும்பி, பாறைக்குப் பின்னால் மறைந்தார்.

பயிற்சியாளர் விசிலைக் கழுத்திலிருந்தே கழற்றிவிட்டார். அக்கா காருக்குள் கார் சாவியைத் தேடினாள். சாவி அத்தான் பையில் இருந்தது. பிறகு அவளும் வந்து சுவரோரம் எங்கள் பக்கத்தில் நின்றாள்.

பிரேக் சத்தம் கேட்கிற வரைக்கும் ஆள் வண்டிமேல் இருக்கிறார் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டிருந்தோம். கிறீச். கொஞ்சம் கழித்து, இன்னும் கீழே, இன்னும் சின்னதாக, கிறீச்.